ஓர் ஆள் இடம்

கோடைக்கால ஓவியக் கண்காட்சி முந்தின நாளே முடிந்துவிட்டது என்பது, இரண்டு பேருந்து மாறி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த பிறகே மரகதவல்லிக்குத் தெரிந்தது. மழைக்காலப் படங்களுக்காகச் சுவர்களைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இறந்துபோன அவளுடைய மகள் வரைந்த, மொட்டைமாடியில் மிளகாய் காயும் ஓவியம் மட்டும் இன்னும் மாட்டியபடியே இருந்தது.

“எல்லாப் படத்துக்கும் பக்கத்துல வரைஞ்சவங்க வீட்டு ஆளுங்க நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இதுக்குத்தான் யாரும் வரலை. அதான் எறக்க விடலைம்மா,” என்றார் காவலாளி தணிகாசலம்.

அவள் கைகூப்பினாள். அவர் கைப்பேசியை எடுத்ததும், ஓவியத்துக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு நின்றாள்.

“இன்னும் கிட்ட வாங்கம்மா.”

“இப்படியே இருக்கட்டுங்கய்யா.”

ஒரு கணம் யோசித்த தணிகாசலம், அந்த இடமும் புகைப்படத்துக்குள் அடங்கும்படி இரண்டடி பின்னே நகர்ந்தார்.