கீழடுக்கின் எண்ணெய்

பூமிக்கு வெகு ஆழத்தில் ஒரு மணலடுக்கும், அதன் கீழே ஓர் இறுகிய பாறையடுக்கும் இருந்தன. இரண்டிலும் எண்ணெய் உண்டு. ஆனால் மேலேயிருந்து இறங்கிய குழாய் மணலில்தான் வாய் வைத்து உறிஞ்சியது.

"நீ வெறும் சுவருடி!" என்று மணல் பாறையைச் சீண்டியது.

பாறைக்குச் சுருக்கென்றது. "சுவரா? உன் எண்ணெய் குறையக் குறைய என்னுதுதானே அக்கா உனக்குள்ளே ஏறுது?"

"எங்கே, நிரூபி பார்ப்போம்!"

ஒருநாள் மணல் வறண்டது. "கொஞ்ச நாள் பார்ப்பேன். அப்புறமும் எண்ணெய் இல்லேன்னா கிளம்பிடுவேன்" என்று குழாய் வாயை மூடிக்கொண்டது. பாறை மூச்சைப் பிடித்து, மயிரிழைத் துளைகள் வழியே எண்ணெயை மெல்ல மெல்ல மேலே தள்ளியது. குழாய் மறுபடி வாய் திறந்தபோது எண்ணெய் பீறிட்டது.

"பார்த்தியா என் கெத்தை!" என்றது மணல்.

"உனக்கு மேலே எண்ணெய் கசியாத மூடிப்பாறை, சுற்றிலும் அதே மாதிரி களிமண். வேற எங்கிருந்து வந்ததாம்? பதில் சொல்லு அக்கா!"

மணல் சமாளித்தது. "வழி... வழி விட்டது நான்தானே?"

"வழி உன்னுதுதான், யார் இல்லேன்னது?" என்றது பாறை. "வந்த எண்ணெய் என்னுது."