மூச்சைப் பிடிங்க

“மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... விடாதீங்க.”

எம்.ஆர்.ஐ. மெஷின் தடதடத்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் பெண் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். பாதியிலேயே மெஷினுக்குள் இருந்தவன் வயிறு ஏறி இறங்கிவிட்டது. ஈரக் கையால் தேய்த்த மை மாதிரி கல்லீரல் படம் கலைந்து கிடந்தது. இது மூன்றாவது தடவை.

உள்ளே படுத்திருந்தவனுக்கு ஒரு நோயும் இல்லை. நோய் அவன் அண்ணனுக்கு. மேல் மாடியில், மஞ்சள் பூத்த கண்களோடு, நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தார். தம்பியின் கல்லீரலில் பாதியை வெட்டி அவருக்கு வைப்பதாக ஏற்பாடு. ரத்தம் பொருந்திவிட்டது. கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு என்பதுதான் பாக்கி. அதை அளக்க, பதினைந்து வினாடி மூச்சை அடக்கினால் போதும்.

அவள் உள்ளே போய் அவன் தோளைத் தட்டினாள்.

“பயப்படாதீங்க சார். காலையில ஒரு பல்லுப் போன தாத்தாவே பிடிச்சுட்டுப் போனாரு. போட்டோவுக்கு நிக்கும்போது தொப்பையை எக்கிப்பீங்கல்ல, அந்த மாதிரிதான்.”

அவன் சிரிக்கவில்லை. “முடியல மேடம். நெஞ்சை அடைக்குது.”

நான்காவதும் பாழ். ரத்தக் குழாய்கள் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி எடுத்த படமும் பாழ். அளக்காமல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட, மாடியில் இருப்பவருக்கு அடுத்த வாரம் இல்லை.

வெளியே அண்ணன் மனைவி, அவன் கழற்றிக் கொடுத்த தடித்த கறுப்பு வாட்சைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் உடைந்து அழுதான்.

“என்னால முடியல அண்ணி. உடம்பு ஒத்துழைக்கல.”

அவள் வாட்சைக் கொடுத்தாள். அவன் அண்ணனைப் பார்க்க மாடிக்குப் போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

டெக்னீஷியனுக்கு மனசு கேட்கவில்லை. “அவர் மேல தப்பு இல்லக்கா. சில பேருக்கு நுரையீரல் பலம் அவ்வளவுதான்.”

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“அண்ணன் அண்ணன்னு மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லுவான்” என்றாள். குரலில் ஈரமே இல்லை. “போன மழையில ஒரு பஸ் ஆத்துல கவுந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? தீயணைப்புக்காரர் ஒருத்தர் ஆக்சிஜன் சிலிண்டர்கூட மாட்டாம குதிச்சு, அடியில சிக்கிக்கிட்ட ரெண்டு பேரை ஒரே மூச்சுல மேல கொண்டு வந்தாரே. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்காக... மனுஷன்னா அவருதான்க்கா.”

“அதோ, வாசல்ல சிகரெட்டைப் பத்த வைக்கிறான் பாரு. அவன்தான்.”

வாசலில் அவன் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தான். புகை வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.