நகராத நாடா

"இந்த நாடா ஏன் நகரவே மாட்டேங்குது?"

மாமனார் போட்ட சத்தத்தில் வீடே நிமிர்ந்தது. அவர் கையில் மருமகளின் வேதப்புத்தகம். பக்கங்களுக்கு நடுவே கிடந்த சிவப்பு நாடாவை, செல்லாத டிக்கெட்டைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

பழக்கதோஷம்தான். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காதில் விழாத தூரத்தில் வீட்டில் எல்லாருக்கும் அவர் 'செக்கர்'.

செக்கர் வீட்டில் ஆளுக்கொரு வேதம், ஆளுக்கொரு நாடா. காலையில் வாசித்து முடித்தால்தான் சாப்பாட்டு மேசைக்குத் தட்டு வரும். அதற்கு முன்னால் நாடா சோதனை உண்டு.

"நான் கடைசிப் புத்தகத்துக்கு வந்துட்டேன். உங்க அத்தை மூட்டு வலியோட நிருபங்களைத் தாண்டிட்டா. இவன் பல் தேய்ச்சுக்கிட்டே படிக்கிறவன், இவனே எனக்குப் பின்னாடி வந்துட்டான். நீ போன மாசமும் முதல் புத்தகத்துல மலைப்பிரசங்கம், இந்த மாசமும் மலைப்பிரசங்கம். வண்டி சிக்னலுக்கு நிக்குதா, தடம் புரண்டுடுச்சா?"

மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை.

"தினமும் வாசிக்கிறேன் மாமா."

"அப்போ நாடா?"

அவள் குனிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

செக்கரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, புதிய ஏற்பாட்டை முழுதாக வாசித்த குடும்பங்களைச் சபையில் எழுந்து நிற்கச் சொல்வார் போதகர். ஒருவர் பாக்கி என்றாலும் குடும்பமே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முன்வரிசையில் உட்கார்ந்து பழகிய மனிதருக்கு அது லேசில் ஜீரணமாகுமா?

"உன் ஒருத்தியால நாங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சு உட்காரணுமா?"

அந்த நேரம் பார்த்து மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது.

செக்கர் சட்டென்று தன் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். மேலே நடப்பது அவருடைய கூடப்பிறந்த தம்பி. மேல்வீட்டுக் குழாய் கசிந்து, கீழ்வீட்டுக் கூரையில் கறை படிந்ததில் வந்த சண்டை. குழாயைத் தம்பி மறுநாளே சரிசெய்துவிட்டார். கறைக்குத்தான் அண்ணன் இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை. "கிடக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும்" என்று விட்டுவிட்டார். அதோடு ஒரு சட்டமும் போட்டார்: இந்த வீட்டு ஆள் யாரும் மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது.

சத்தம் அடங்கியதும் வாசிப்பும் அடங்கியது.

"எங்க புரியாம நிக்கிற? காட்டு. நானே சொல்லித் தரேன்."

மருமகள் தயங்கித் தயங்கி ஓர் இடத்தில் விரலை வைத்தாள். செக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். பலிபீடத்துக்குக் காணிக்கையோடு வருகிறான் ஒருவன். தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது அவனுக்கு அங்கேதான் ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்...

'சகோதரனோடு சமாதானமாகு' என்ற மீதியை மனசுக்குள்ளேயே வாசித்தார்.

"இதுல... புரியாததுக்கு என்ன இருக்கு?"

"புரிஞ்சதாலதான் மாமா நிக்கிறேன்." மருமகள் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "குழாய்ச் சண்டை அன்னிக்கு நானும் மேல்வீட்டுச் சின்ன அத்தையை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். 'புள்ளை இல்லாத வீட்டுக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி'ன்னு கேட்டுட்டேன். அவங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க."

மாமியார் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். இது அவளுக்கும் புதிது.

"இந்த இடத்துக்கு வந்தா எழுத்தே தெரியல, அவங்க முகம்தான் தெரியுது. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்து பக்கத்தைத் திருப்பிக்கலாம்னு பார்த்தா..."

"பார்த்தா?"

"மாடிப்படியில கால் வைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்களே மாமா."

செக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இது மனப்பாடம்மா," என்றார் கடைசியில். "எத்தனையோ வாட்டி இந்த வழியாப் போயிருக்கேன்."

"நானும் போயிடலாம்னுதான் பார்த்தேன் மாமா. ஆனா நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் இதுதானே? இறங்காம எப்படிப் போறது?"

அவர் அண்ணாந்து கூரைக் கறையைப் பார்த்தார். பிறகு தன் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கங்களில் கிடந்த நாடாவை உருவினார். ஒவ்வொரு புத்தகமாகப் பின்னால் புரட்டிக்கொண்டே வந்து, அதை மலைப்பிரசங்கத்தில் வைத்து மூடினார்.

"அப்பா, அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றான் மகன்.

"உட்கார்ந்திருப்போம். ஒண்ணும் குடி முழுகிடாது." மருமகள் பக்கம் திரும்பினார். "வாம்மா. தனியாப் போக எனக்கும் கூச்சமா இருக்கு."

இரண்டு பேரும் வெளியே போனார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம். நடுவில் ஒருமுறை நின்றது. மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி கேட்டது. மேலே கதவு திறந்தது. அப்புறம் கூரைக்கு மேலே யார் நடை எது என்று தெரியாதபடி நாலு பேர் நடக்கும் சத்தம்.

மகன் நம்பாமல் கூரையையே பார்த்தான். "ஏம்மா, நம்ம அப்பாவா மாடி ஏறினாரு?"

"ஏறலடா," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி. "இன்னைக்குத்தான் இறங்கியிருக்காரு."