தாய்மாமன் கையெழுத்து

‘குழந்தையின் தந்தை இறந்துவிட்டார்’ என்று ஃபைலில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தத் தந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன்னால், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உயிரோடு நின்றிருந்தார்.

பெயர் இளவரசு. கீரப்பாளையத்துக்காரர், கரும்பு வெட்டும் கூலி. மகள் கயல்விழிக்கு எட்டு வயது. நாலு வருஷமாகக் கடலூரில் ஒரு ஹோமில் இருக்கிறாள். அப்பா அம்மா இல்லாத பிள்ளை என்று அவளைத் தத்துக் கொடுக்க ஏற்பாடு நடப்பது காதில் விழுந்ததும், மனிதர் அடித்துப் பிடித்துக்கொண்டு இலவச சட்ட உதவி மையத்துக்கு ஓடினார். அங்கே போட்டுக் கொடுத்த வக்கீல்தான் ரேகா. சின்ன வயசு, பெரிய குரல்.

“ரேஷன் கார்டுல புள்ள பேரு இருக்கு மேடம். இவர்தான் அப்பா, சந்தேகமே வேணாம்” என்றாள் ரேகா.

குழுத் தலைவி கார்டைப் புரட்டிப் பார்த்தார். “சரி, அப்பாதான். புள்ளைய ஏன்யா விட்டுட்டுப் போனீங்க?”

“பொண்டாட்டி காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா மேடம். அவ அவுங்க வூட்டுக்கு ஒத்தப் பொண்ணு, எனக்கும் சொந்தம்னு யாருமில்ல. புள்ளைய பக்கத்து வூட்ல விட்டுட்டு வெட்டுக்குப் போனேன். வந்து பாத்தா...” என்று இழுத்தார் இளவரசு.

தலைவி ஃபைலைத் திறந்தார். “கோவிந்தசாமின்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரு. தாய்மாமனாம். புள்ளையோட அப்பா சுனாமியில போயிட்டாருன்னு எழுதிக் குடுத்துச் சேத்திருக்காரு. சுனாமியில அப்பனப் பறிகுடுத்த புள்ளைங்களுக்குன்னே தொறந்த ஹோம். அப்ப இருந்த நெலமையில சர்டிபிகேட் யாரு கேட்டா?”

ரேகாவுக்கு ரத்தம் கொதித்தது. “உயிரோட இருக்கற மனுஷனை சாகடிச்சிருக்கான் மேடம்! அந்த ஆளைச் சும்மா வுடக்கூடாது, கேஸ் போடணும். இளவரசு, அவன் எங்க இருக்கான்னு சொல்லுங்க!”

இளவரசு கக்கத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“கேஸ் இருக்கட்டும்மா” என்றார் தலைவி. “அந்த மாமன் மாசக் கடைசி ஞாயித்துக்கெழம தவறாம வந்து புள்ளையப் பாத்திருக்கான். வர்றப்பல்லாம் பொரி உருண்டை. ரிஜிஸ்டர்ல இருக்கு. ஏன்யா, பெத்த அப்பன் நீ ஒரு தடவையாவது எட்டிப் பாத்தியா? வெக்கமா இல்ல?”

“வெக்கமாத்தான் இருக்கு மேடம்.”

அந்தக் குரலைக் கேட்டு ரேகாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்படிப்பட்ட ஆளுக்காகவா இவ்வளவு கத்தினோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“புள்ளையக் கூப்பிடுங்க. அவளுக்கு இவரு மொகமாவது ஞாபகம் இருக்கான்னு பாப்போம்.”

ஹோமில் புதிதாகச் சேர்ந்த ஆயா கயல்விழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே இளவரசுவைப் பார்த்துவிட்ட பெண், ஓட்டமாக ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, இவரு யாருன்னு தெரியுதா?”

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ ஞாபகம் வந்தவளாகச் சட்டென்று மூடிக்கொண்டாள். இளவரசுவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கயல்விழி அவர் கையை இழுத்து, மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

“இங்கயும் ஒன்ன மாமான்னுதான் கூப்பிடணுமாப்பா?”