சுப்பிரமணியின் முகம்

“உணர்ச்சியே இல்லாத ஒரு முகம் வேணும்மா. காலேஜ்ல பத்து மார்க் பயிற்சி” என்றாள், விஸ்காம் முதலாண்டு படிக்கும் சினேகா.

“அதுக்கு ஏன்டி ஊரெல்லாம் தேடறே? உங்கப்பா இருக்காரே!” என்றாள் அம்மா திரௌபதி. “கல்யாண போட்டோவுலயே மனு வாங்குற மாதிரிதான் உக்காந்திருப்பாரு.”

சுப்பிரமணி வேங்கிக்காலில் ஓர் ஆபீஸில் மனு வாங்குகிறவர்தான். வந்தவர்கள் அழுதாலும் திட்டினாலும் அவருக்கு ஒரே முகம்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார வைத்தார்கள்.

“சிரிக்கணுமா?”

“வேணாம்பா. எப்பவும் போல இருங்க, படம் எடுக்கிற போனையே பாருங்க, போதும்.”

பத்தே விநாடியில் வேலை முடிந்தது. அந்த ஒரே முகத்தைப் பொங்கல் தட்டோடும், அழுகிற குழந்தையோடும், மாலை போட்ட தாத்தா படத்தோடும் மாற்றி மாற்றி ஒட்டினாள் சினேகா. பார்க்கிறவர்களுக்கு முதலில் பசி, அடுத்துப் பரிவு, கடைசியில் துக்கம் தெரிய வேண்டும். தெரிந்தால் பத்துக்குப் பத்து.

வகுப்பில் ஓடவிட்டாள்.

பொங்கல் வந்ததுமே, “லவ்வு மேடம்!” என்றது ஒரு குரல். குழந்தைக்கும் அதே பதில். தாத்தாவுக்கும் அதேதான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

மெஹ்விஷ் மேடம் இரண்டு மார்க் போட்டார். “வெறும் முகம்தானேம்மா கேட்டேன்? இவர் யாரையோ ஆசை ஆசையா பாக்குறாரே. எதிர்ல யாரு இருந்தாங்க?”

“யாருமில்ல மேடம். நான்கூட பக்கவாட்டுல வெளிச்சத்துக்குத் தெர்மாகோல் பிடிச்சிட்டிருந்தேன்.”

“அப்போ போனைப் பிடிச்சது யாரு?”

சினேகா மார்க்கையும் மறந்து சிரித்தாள்.

“எங்கம்மா மேடம்!”