பறக்கும் நாய்க்கு சர்டிபிகேட்

"நிறுத்துங்கோ! அந்த நாய் இப்ப என்ன பண்றது?"

ரெனிட்டா டீச்சர் ரிமோட்டை அழுத்தினாள். திரையில் சிவப்புத் துணி கட்டிய கார்ட்டூன் நாய், ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது.

"வில்லனோட கார் டயர்ல ஒண்ணுக்குப் போகுது சார். காமெடி."

"இதுவா காமெடி? பப்ளிக் நியூசன்ஸ்! எழுதிக்கோங்கோ, ஆட்சேபணை நம்பர் ஏழு."

அடையாறில் நாற்பது வீடுகள் கொண்ட அந்த அபார்ட்மென்டில், செயலாளர் வெங்கடரமணன் அனுமதி இல்லாமல் மொட்டை மாடியில் துணிகூடக் காயாது. சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளுக்கு மாடியில் ஒரு படம் போடலாமா என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம், "குழந்தைகளுக்கு ஏத்ததான்னு பெரியவா முதல்ல பார்க்கணும்" என்று குழு போட்டுவிட்டார். குழுவில் அவர், டீச்சர், இரண்டாம் மாடி ஜலஜா. சங்க அறையில் டிவி, எதிரே ஒரு தட்டு போண்டா. ஜலஜா படத்தைப் பார்த்ததைவிடத் தட்டைப் பார்த்ததுதான் அதிகம்.

"ஏழா? பாவம் சார் குழந்தைங்க" என்றாள் ரெனிட்டா. "பிஸ்கட் காணாமப் போனதுலேர்ந்து தீபிகா சரியா சாப்பிடறதே இல்ல. ஒரு மணி நேரம் சிரிச்சுட்டுப் போகட்டுமே."

பிஸ்கட், கேட்டருகே வளர்ந்த தெருநாய். சோறு போட்டது பத்து வீடு என்றாலும், அது ராத்திரி படுத்தது மூன்றாம் வகுப்பு தீபிகாவின் வாசல் மிதியடியில்தான். பத்து நாளாக ஆளைக் காணோம். அந்தப் பெண் தினமும் காலையில் கேட்டில் பால் வைக்கிறாள், சாயங்காலம் வந்து கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறாள்.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? தேடலையா? என் சொந்தச் செலவுல 'காணவில்லை'ன்னு நோட்டீஸ் ஒட்டினேனே!"

"மாமா மாதிரி வருமா?" ஜலஜா போண்டாவை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "நாய் காணோம்னு நாங்க யாரும் கவனிக்கறதுக்கு முன்னாடியே நோட்டீஸ் ஒட்டியாச்சு!"

வெங்கடரமணன் பெருமையாகச் செருமிக்கொண்டு ஜன்னல் வழியே கீழே பார்த்தார். பார்த்தவர் பதறினார்.

"யாரது என் புதுக் கார்கிட்ட? தீபிகாவா? கையில சங்கிலி வேற! பெயிண்ட்ல கோடு இழுத்துடப் போறா."

"ஒண்ணும் பண்ண மாட்டா சார். சும்மா நிக்கிறா. படத்தைப் பாருங்க."

படம் ஓடியது. நாய் பறந்தது.

"ஆட்சேபணை எட்டு! இதைப் பார்த்துட்டு பால்கனியிலேர்ந்து குதிச்சா யார் பொறுப்பு?"

"போன மாசம் பேரனோட ஒரு படம் போனீங்களே சார், அதுல ஹீரோ ஒரே உதையில எட்டு ஜீப்பைப் பறக்க விட்டாரே?"

"அது குடும்பப் படம்மா."

திரையில் நாயும் ஒரு பூனையும் தோளோடு தோள் சேர்ந்து நடந்தன. வெங்கடரமணன் முகம் சுளித்தார்.

"ஒன்பது. நாய்க்கும் பூனைக்கும் என்ன சிநேகிதம்? இன்னிக்கு இதைப் பார்க்கறதுகள், நாளைக்கு யாரையாவது கையைப் பிடிச்சு வீட்டுக்கு அழைச்சுண்டு வந்து நிக்கும்."

ரெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினாள்.

கடைசிக் கட்டம் வந்தது. வில்லன் நாயைச் சாக்கில் கட்டி, எங்கோ கொண்டுபோய் வீசினான். பறக்கும் சக்தியை இழந்த நாய், மழையில் நொண்டி நொண்டி, மோப்பம் பிடித்தே வீடு வந்து சேர்ந்தது. அதை வளர்த்த சிறுமி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஜலஜா போண்டா எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அபத்தம்!" வெங்கடரமணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பறந்ததைக்கூட மன்னிச்சுடலாம். இது பச்சைப் பொய். குழந்தைகளுக்கு வீண் ஆசை காட்டற படம். அனுமதி கிடையாது!"

"ஏன் சார்? நாய் வழி கண்டுபிடிச்சு வருமே."

"வராது."

"எவ்வளவு தூரமா இருந்தாலும் வரும் சார். தீபிகாகிட்டகூட அதைத்தான் சொல்லியிருக்கேன்."

"குழந்தைகிட்டப் போய் ஏம்மா பொய் சொல்றேள்? வராதுன்னா வராது!"

"வரும் சார்."

"எப்படிம்மா வரும்?" வெங்கடரமணன் மேஜையில் ஓங்கித் தட்டினார். "சாக்குல போட்டு, டிக்கியில அடைச்சு, பெருங்குடி குப்பைமேட்டுல கொண்டுபோய் விட்டா எப்படி வரும்? இதோ, பத்து நாளாச்சு. வந்துதா?"

ஜலஜாவின் கையிலிருந்த போண்டா தட்டில் விழுந்தது.

"மாமா...?"

"இல்ல... அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

ரெனிட்டா டிவியை அணைத்தாள். மேஜைமேல் இருந்த அவருடைய கார் சாவியை எடுத்து நீட்டினாள்.

"அந்த நோட்டீஸைப் பார்த்ததுமே சந்தேகம். நாயைக் கொண்டுபோய் விடற காட்சி இருக்கற படமா மூணு நாள் தேடி எடுத்தேன் சார், குழந்தைங்களுக்கு இல்ல, உங்களுக்குப் போட்டுக் காட்டத்தான். கிளம்புங்க, பிஸ்கட்டோட சங்கிலியைக் கையில வெச்சுக்கிட்டு தீபிகா ஒரு மணி நேரமா உங்க கார் பக்கத்துலயே நிக்கிறா!"