ஊதுபத்தியும் இரண்டு வருடமும்

"நெமோட்டோ, எனக்குக் காலும் வலிக்குது, தலையும் வலிக்குது. இன்னைக்காவது உண்மையைச் சொல்லித் தொலைங்க."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வக்கீல் மிசாவா. அப்பீலுக்காக அரசாங்கம் அமர்த்திய வக்கீல். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களின் கேஸெல்லாம் அவள் தலையில்தான் விழும். அந்தப் பக்கம் நெமோட்டோ. வீடு வீடாகப் போய் கேஸ் சிலிண்டர் மாட்டுகிற ஆள். டோஃபு கடைப் பெரியவர் வீட்டில் திருடியதாக இரண்டு வருடத் தண்டனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உண்மையைத்தான் சொல்றேன் வக்கீலம்மா. நான் திருடலை."

"அப்போ கோர்ட்ல, ஜட்ஜ் முன்னாடி, 'நான்தான் திருடினேன்'னு இடுப்பை வளைச்சுக் கும்பிட்டது யாரு? உங்க ஆவியா?"

"நான்தான். இன்ஸ்பெக்டர்தான் சொன்னாரு. 'பின்கதவுல உன் கைரேகை இருக்கு. ஒத்துக்கிட்டா எச்சரிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, மறுத்தா உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்'னாரு. சிலிண்டர் மாட்டற வீட்ல கைரேகை இல்லாம வேற என்ன இருக்கும்? ஏப்ரல்ல பொண்ணை ஸ்கூல்ல சேர்க்கணும். அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு ஒத்துக்கிட்டேன்."

மிசாவா கண்களைக் கசக்கிக்கொண்டாள். இந்த ஊரில் பிடிபட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டு, அழுது, தலை வணங்கினால் ஜட்ஜ் இரங்குவார் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நெமோட்டோவும் அதைத்தான் செய்தான். ஆனால் ஜட்ஜ், 'திருந்தியவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாமா?' என்று கேட்டுவிட்டு இரண்டு வருடத்தைத் தீட்டிவிட்டார்.

"எடுக்காத பணத்தை எங்கேர்ந்து கொடுப்பேன்?" என்றான் நெமோட்டோ.

"சரி. அதையெல்லாம் டோக்கியோ மேல்கோர்ட் நம்பிடும்னே வெச்சுக்குவோம். ஊதுபத்திக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"



பூஜை மேடையின் இழுப்பறையில்தான் பெரியவர் பணம் வைத்திருந்தார். மேடைமேல் இறந்துபோன மனைவியின் படம். 'அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் மனசு கேக்கலை. ஒரு ஊதுபத்தி ஏத்தி, மணியடிச்சு, மன்னிச்சிடுங்கன்னு கும்பிட்டுட்டுத்தான் எடுத்தேன்' என்று கோர்ட்டில் நெமோட்டோ சொன்னபோது, பின்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து நின்று ஓவென்று அழுதுவிட்டார். அன்றைக்கு அவர் வீடு திரும்பியபோது மேடையில் பாதி எரிந்த ஊதுபத்தி இருந்ததாம். செத்தவளே வந்து ஏற்றிவிட்டுப் போனாளோ என்று நினைத்து, யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

"போலீசுக்கே தெரியாத விஷயம் நெமோட்டோ. பெரியவரை விட்டா திருடினவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஒரு ஊதுபத்தியைக் காட்டியே என் வாயை அடைச்சிடுவாங்க."

"அது... நான் சும்மா சொன்னது."

"சும்மா சொன்னது அப்படியே பலிச்சிடுச்சா? நீங்க என்ன, குறி சொல்றவரா?" மிசாவா ஃபைலை மூடிப் பைக்குள் திணித்தாள். "போதும். வக்கீல்கிட்டயே கதை விட்டா நான் என்னத்தை வாதாடறது? அப்பீலை வாபஸ் வாங்கிட்டு நிம்மதியா ரெண்டு வருஷத்தை ஓட்டுங்க. எனக்கும் அலுத்துப்போச்சு."

"ஐயோ, வேணாம்மா! ஸ்கூல்ல எம் பொண்ணைத் திருடன் மகள்னு கூப்பிடறாங்களாம். பெஞ்சுல பக்கத்துல உட்காரக்கூட யாரும் வரலையாம்." அவன் கண்ணாடித் தடுப்பை நெருங்கிக் குனிந்தான். "சொல்லிடறேன். தன் பேரு வெளியே வரக்கூடாதுன்னு அவர் கேட்டுக்கிட்டாரு, அதான் சொல்லலை. கோர்ட்ல பொய் சொல்லக் கத்துக்கொடுத்தா அவரையும் பிடிப்பாங்களாமே."

"யாரு?"

"இகாரி அண்ணன். ஸ்டேஷன்ல என்கூட ஒரே அறையில இருந்தாரு. ஏதோ சைக்கிள் திருட்டாம், சீக்கிரமே விட்டுட்டாங்க. அந்த வீட்ல என்ன நடந்துதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாதே, ஜட்ஜ் துருவிக் கேட்டா முழிப்பேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அவர்தான் இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு ஒப்பிக்க வெச்சாரு. 'ஊதுபத்தி ஏத்தினதைச் சொல்லு, ஜட்ஜ் உருகிடுவாரு'ன்னாரு. சொல்லும்போது அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு."

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த மிசாவாவின் கை நின்றுவிட்டது.

"அந்த இகாரி இப்ப எங்கே?"

"தங்கமான மனுஷன்மா. கூடப் பிறந்த தம்பியே என்னை எட்டிப் பார்க்கலை, அவர் வாராவாரம் துவைச்ச துணி கொண்டாந்து கொடுக்கறாரு. இப்பக்கூட வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருப்பாரு, உங்களுக்கு அடுத்து அவர்தான். ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியலை வக்கீலம்மா. ஒவ்வொரு தடவையும் 'அப்பீலை வாபஸ் வாங்கிடு தம்பி, கால்ல வேணும்னாலும் விழறேன்'னு என்னைவிட அதிகமா அவர் எதுக்கு அழறாரு?"